மண்குதிரையை நம்பியவர்கள்

"மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்று ஒரு பழமொழி. எல்லோருக்கும் தெரிந்ததுதான். இதற்கு ஒரு 'உண்மையான விளக்கம்' மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது மண்குதிரையே இல்லையாம், 'மண் குதிர்' என்பதாம். ஆற்று நடுவில் திட்டாகச் சேர்ந்திருக்கும் மணல்மேட்டை நம்பிக் காலை வைக்கக் கூடாது என்பதுதான் பொருளாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிராமத்தில் யாரைக் கேட்டாலும் குதிர் என்றால் நெல் கொட்டி வைக்கும் மண் கூடு என்றுதான் சொல்வார்கள்.

அது இருக்கட்டும். இந்த விவாதத்தில் யாரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. சூளையில் ஒழுங்காகச் சுட்ட மண்குதிரை ஆற்றில் கரையவே கரையாது! களிமண்ணைச் சுமார் 600 டிகிரிக்கு மேல் சுட்டுவிட்டால் அது மறுபடி சேறாக மாறாது. உடையும், விரிசல் விடும், பொரிந்து உதிரும். ஆனால் கரையாது. பழமொழி சொன்னவர் பச்சைமண் குதிரையைப் பார்த்திருக்க வேண்டும்.

சுட்ட குதிரையை நம்பி எத்தனையோ தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. அந்தக் கதை இது.

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போனால் முதலில் கண்ணில் படுவது உப்பளங்கள். பாத்தி பாத்தியாக வெட்டி, கழிமுகத்து உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, பலகையால் வாரிக் குவித்த வெள்ளை மேடுகள். இந்த மரக்காணம்தான் சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் என்றும், கிரேக்க மாலுமியின் பெரிப்ளூஸ் நூலில் வரும் சோபட்மா துறைமுகம் என்றும் அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் உப்பளமெல்லாம் முடிந்து, திடீரென்று ஒரு அடர்ந்த காடு. அதுதான் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காடு.

இந்தக் காட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வருடத்தில் பாதிக்கு மேல் மழையே இல்லாத கடற்கரை இது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் எல்லாம். ஆனாலும் இங்குள்ள மரங்கள் மொத்தமாக இலை உதிர்ப்பதில்லை. உலர் பசுமைமாறாக் காடு என்று இதற்குப் பெயர். ஒரு காலத்தில் சோழமண்டலக் கடற்கரை நெடுக இப்படித்தான் இருந்தது. இன்று துண்டு துண்டாக மிச்சமிருக்கிறது. மிச்சமிருக்கும் துண்டுகளில் பெரும்பாலானவை அய்யனாருக்கோ அம்மனுக்கோ சொந்தமான கோயில்காடுகள். வீரை மரம், நீலப் பூப் பூக்கும் காயா, ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட பெருங்கொடிகள் எல்லாம் இங்கே இன்னும் இருப்பதற்குக் காரணம் வனத்துறை இல்லை. இங்கே ஒரு சுள்ளி ஒடித்தாலும் அய்யனார் சும்மா விடமாட்டார் என்ற பயம்தான் காரணம். 1997-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புத்துப்பட்டுக் காட்டின் மரங்களையும் கொடிகளையும் கணக்கெடுத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். 2001-இல் இதே வட்டாரத்து ஊரணி, உலகாபுரம் கோயில்காடுகளைப் பற்றி வந்த இன்னொரு ஆய்வின் தலைப்பிலேயே, காட்டைக் காப்பதில் மக்கள் நம்பிக்கைகளுக்கு உள்ள பங்கு இடம்பெற்றிருந்தது. ஆக, விஞ்ஞானமும் பயத்துக்கு மதிப்பெண் போட்டுவிட்டது.

இந்தக் காட்டுக்குள் இருக்கும் சாமிக்கு ஒரு வாகனம் வேண்டும். அய்யனார் ராத்திரியில் ஊரைச் சுற்றி வருபவர். முன்னே பின்னே வீரர்கள், கூட வேட்டை நாய்கள், ஏறிப்போக வெள்ளைக் குதிரை. நடுநிசியில் குளம்பொலி கேட்டால் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது என்று பாட்டிகள் சொல்வார்கள். அந்தக் குதிரையைச் செய்து கொடுக்கும் பொறுப்பு ஊர்க் குயவருடையது.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. குதிரை இந்த மண்ணின் விலங்கே கிடையாது. சங்க காலத்திலேயே குதிரைகள் கடல் வழியாக வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு அரசர்கள் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளைப் பெரும் விலை கொடுத்து வாங்கியதையும், சரியாகப் பராமரிக்கத் தெரியாமல் அவற்றில் பெரும்பகுதி செத்துப்போனதையும் எழுதிவைத்திருக்கிறார். செத்தால்தான் அடுத்த வருடம் மறுபடி விற்கலாம் என்று வியாபாரிகள் லாடம் கட்டுபவர்களை இங்கே வரவே விடவில்லை என்றும் அவர் சொல்கிறார். (வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் உத்தி என்று இன்றைய மார்க்கெட்டிங் புத்தகத்தில் சேர்த்துவிடலாம்!)

ராஜாவுக்கே இந்த நிலைமை என்றால், ஏரிப் பாசனத்தில் நெல் போடும் சாதாரணக் குடியானவன் குதிரைக்கு எங்கே போவான்? அவன் கையில் இருந்தது மாடும் மண்ணும். ராஜா கடல் கடந்து வரவழைத்ததை அவன் ஏரி வண்டலில் செய்து சாமிக்குக் கொடுத்தான். ராஜாவின் குதிரையைவிடப் பெரிதாகவே செய்தான்! புதுக்கோட்டைப் பக்கம் நமுணசமுத்திரம், இளங்குடிப்பட்டி போன்ற ஊர்களில் கோயிலுக்குப் போகும் வழியின் இரு பக்கமும் வரிசையாக மண்குதிரைகள் நிற்கும். ஆளுயரத்தில் ஆரம்பித்து, தமிழ்நாட்டில் 15 அடியைத் தொட்ட சுடுமண் குதிரைகளும் உண்டு.

எப்படிச் செய்கிறார்கள்? விஷயம் இங்கேதான் சுவாரசியமாகிறது.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தில் இதற்குப் புரவி எடுப்பு என்று பெயர். ஊர் கூடி இந்த வருடம் எடுக்கலாம் என்று முடிவு செய்ததும், ஊர்ப் பெரியவர்கள் ஒரு கைப்பிடி மண்ணை வெற்றிலை பாக்கோடு குயவரிடம் கொடுப்பார்கள். இதுதான் பிடிமண். அட்வான்ஸ், பர்ச்சேஸ் ஆர்டர், ஒப்பந்தப் பத்திரம் எல்லாமே அந்த ஒரு பிடி மண்தான். வாங்கிக்கொண்ட பிறகு குயவர் பின்வாங்க முடியாது, ஊரும் பின்வாங்க முடியாது. அந்தப் பக்கத்துக் குயவர்களான வேளார்கள் பல அய்யனார் கோயில்களில் பூசாரிகளும்கூட. 1970-களில் மதுரைப் பக்கம் தங்கி வேளார்களை ஆராய்ந்த ஸ்டீபன் இங்லிஸ் என்பவர், பானை செய்யும் கையும் பூசை செய்யும் கையும் ஒன்றாக இருப்பதை விரிவாக எழுதியிருக்கிறார்.

மண் ஏரியிலிருந்து வரும். அதோடு மணலும் உமியும் கலந்து மிதிப்பார்கள். உமி எதற்கு என்றால், சூளையில் அது எரிந்து போய் நுண்ணிய துளைகளை விட்டுவைக்கும். ஆவி அந்தத் துளைகள் வழியாக வெளியேறுவதால் குதிரை வெடிக்காது. கால்கள் நான்கும் சக்கரத்தில் வனைந்த குழாய்கள். அந்தக் கால்கள் கொஞ்சம் காய்ந்து இறுகினால்தான் மேலே வயிற்றை ஏற்ற முடியும். வயிறு காய்ந்தால்தான் கழுத்து. அவசரப்பட்டால் அடி மண் மேல் பாரத்தைத் தாங்காமல் உட்கார்ந்துவிடும். ஒரு பெரிய குதிரை எழுந்து நிற்க வாரக்கணக்கில் ஆகும். உடம்பு முழுக்க உள்ளே வெற்றிடம்தான். உட்புறம் ஒரு கையில் கல்லை அணை கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெலிதாக்குவார்கள். பானை அடிக்கும் அதே முறைதான். மணிமாலை, சலங்கை, சேணம், பல்லைக் காட்டும் வாய் எல்லாம் கடைசியில் ஒட்டப்படும். பிறகு வைக்கோல், விறகு, வறட்டி அடுக்கி, மேலே சேறு பூசிச் சுடுவார்கள். தூக்க முடியாத அளவு பெரிய குதிரையென்றால் நிற்கிற இடத்திலேயே சுற்றிச் சூளை கட்டிச் சுடுவதும் உண்டு.

குழாய்க்கால் செய்யும் இந்தக் கைப்பழக்கம் எவ்வளவு பழையது? சென்னையை ஒட்டிய பல்லாவரத்தில் 1880-களில் அலெக்சாண்டர் ரீ ஒரு சுடுமண் ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். 1950-களின் தொடக்கத்தில் மதுராந்தகம் பக்கம் சானூரில் தொல்லியல் துறை தோண்டியபோதும் இந்த வகைப் பேழைகள் கிடைத்தன. பெருங்கற்காலத்தவை, இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்தையவை. தொட்டி மாதிரி நீள உடம்பு, அடியில் வரிசையாகக் குட்டைக் குழாய்க் கால்கள். ஒரு தலையும் வாலும் வைத்தால் விலங்காகிவிடும் போலிருக்கும். ஆந்திராவின் கடப்பைப் பக்கம் சங்கவரத்தில் கிடைத்த பேழைக்கு உண்மையிலேயே ஆட்டுத் தலை வைத்திருந்தார்கள். இதை வைத்துக்கொண்டு அய்யனார் குதிரைக்கும் இரண்டாயிரம் வயது என்று கிளம்பிவிடக் கூடாது. பெரிய வெற்றுடம்பைக் குழாய்க் காலில் நிறுத்திச் சுடும் வித்தை இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை, அவ்வளவுதான். புறநானூற்றில்கூட, இறந்துபோன மன்னனுக்குப் பெரிய தாழி செய்யச் சொல்லிக் குயவரைப் பார்த்துப் பாடும் பாட்டு இருக்கிறது. சாவுக்கும் சாமிக்கும் மண்ணைப் பெரிதாக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

சுட்டு முடித்த குதிரைக்குச் சுண்ணாம்பு அடித்து, காவியும் மஞ்சளும் தீட்டி, ஊர்வலமாகத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். அதுவரை அது வெறும் பானை மாதிரிதான். குழந்தைகள் தொடலாம், குயவர் வீட்டுக் கோழி அதன்மேல் ஏறி நிற்கலாம். கடைசியில் கண் திறப்பார்கள். கண்மணியைத் தீட்டிய நொடியிலிருந்து அது பொருள் இல்லை, அய்யனாரின் குதிரை. செய்தவரே கும்பிட்டுவிட்டுத்தான் விலகுவார். மந்திரம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். பூமிக்கடியிலிருந்து வந்த மண், தண்ணீர், நெருப்பு, கடைசியில் இரண்டு புள்ளி மை.

சரி, அதற்குப் பிறகு அந்தக் குதிரைக்கு என்ன ஆகிறது?

ஒன்றும் செய்யமாட்டார்கள். அப்படியே விட்டுவிடுவார்கள். வெயிலும் மழையும் படும், ஆலங்கன்று வயிற்றில் முளைக்கும், ஒரு காது விழும், ஒரு கால் முறியும். கடற்கரைப் பக்கமென்றால் இன்னும் சீக்கிரம். உப்புக்காற்றின் ஈரம் சுடுமண்ணின் துளைகளில் இறங்கும், காயும்போது உப்பு படிகமாகி மேல்பட்டையைப் பொரிந்து உதிரச் செய்யும். 'உப்பு பூத்துவிட்டது' என்பார்கள். உடைந்ததை யாரும் ஒட்டுவதில்லை, அப்புறப்படுத்துவதுமில்லை. சில வருடம் கழித்து மறுபடி பிடிமண், மறுபடி குதிரை. பழைய ஓடுகளின் பக்கத்திலேயே புதியது நிற்கும்.

சீனாவில் 1974-இல் கண்டுபிடித்தார்களே, முதல் பேரரசன் சின் ஷி ஹுவாங்கின் சுடுமண் படை, அதோடு இதை வைத்துப் பார்க்கலாம். அங்கேயும் ஆயிரக்கணக்கில் மண் வீரர்கள், மண் குதிரைகள். ஆனால் அது ஒரே ஒரு மனிதனுக்காக, ஒரே ஒரு முறை செய்து, என்றைக்கும் அழியக் கூடாதென்று மண்ணுக்குள் புதைத்தது. செய்யும் வேலை அந்த அரசனோடு முடிந்தது. இங்கே ஒவ்வொரு குதிரையும் அழிந்துகொண்டே இருந்ததால் செய்கிற வேலை முடியவே இல்லை.

பி.காம். முதல் வருடத்தில் தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். இயந்திரம் வாங்கினால் அதன் மதிப்பு வருடா வருடம் குறையும், அதைச் செலவாக எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். தேய்மானம் என்றாலே நஷ்டம் என்ற எண்ணம் அதோடு பதிந்துவிடும். ஆனால் குயவரின் கணக்கில் அதே தேய்மானம்தான் வரவு! குதிரை உடையவில்லை என்றால் அடுத்த ஆர்டர் கிடையாது. ஆர்டர் இல்லையென்றால் மகனுக்குக் கால் வனைய, வயிறு ஏற்றக் கற்றுக்கொடுக்க வாய்ப்பே கிடையாது. 15 அடிக் குதிரையைப் புத்தகம் பார்த்துச் செய்ய முடியாது. அப்பாவோடு சேர்ந்து நாலைந்து குதிரையாவது எழுப்பியிருக்க வேண்டும். தலைமுறைக்கு நாலைந்து முறையாவது குதிரை உடைய வேண்டும்.

இங்கேதான் சிமெண்ட் வந்து சேர்ந்தது. ஊருக்குப் பணம் வந்ததும் 'நிரந்தரமா இருக்கட்டுமே' என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். கம்பி கட்டி, செங்கல் வைத்து, சிமெண்ட் பூசி, எனாமல் பெயிண்ட் அடித்த குதிரைகள். பளபளவென்று இருக்கும், கால் உடையாது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கோயில்களில் முதலில் கண்ணில் படுவது இந்த வகைதான். பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சிமெண்ட் குதிரை நின்ற இடத்தில் பிடிமண் வாங்க ஆள் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துக் கும்பாபிஷேகத்துக்கு வரவழைப்பது பெயிண்டரைத்தான்.

பழி முழுவதையும் சிமெண்ட் தலையில் போடவும் முடியாது. குயவர் வருடம் முழுக்கச் சாப்பிட்டது குதிரையால் இல்லை, பானையால். அலுமினியம், எவர்சில்வர், அப்புறம் ஃபிரிட்ஜ், கேன் தண்ணீர் என்று ஒவ்வொன்றாக வந்து பானையைத் தள்ளிவிட்டன. பொங்கலுக்குப் பானை, கார்த்திகைக்கு அகல், சதுர்த்திக்குப் பிள்ளையார் என்று தொழில் சீசன் தொழிலானது. மண்ணும் எளிதில் கிடைப்பதில்லை. ஏரி மண் அரசாங்கக் கணக்கில் கனிமம், எடுக்க அனுமதி வேண்டும். பல வருட அலைச்சலுக்குப் பிறகு 2024-இல்தான் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு ஏரி மண்ணை இலவசமாக எடுக்கலாம் என்று தமிழக அரசு விதிகளை எளிதாக்கியது. மழைக்காலத்தில் சூளை வைக்க முடியாது. அந்த விஷயத்தில் உப்பளத் தொழிலாளியும் குயவரும் ஒரே ஜாதி. இருவருக்கும் சூரியன்தான் முதலாளி, ஐப்பசி பிறந்தால் வேலை நின்றுவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில் ஏறியபோது மரக்காணத்து உப்பளங்கள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கின.

அப்படியானால் மண்குதிரையைக் காப்பாற்ற என்ன வழி? அருங்காட்சியகத்தில் வைப்பது ஒரு வழி. மரக்காணத்திலிருந்து இதே சாலையில் வடக்கே சென்னை நோக்கிப் போனால் முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா இருக்கிறது. அங்கே ஒரு அய்யனார் கோயிலையும் பெரிய மண்குதிரைகளையும் திறந்தவெளியில் வைத்திருக்கிறார்கள். நகரத்துப் பிள்ளைகள் பலர் வாழ்க்கையில் முதன்முதலாக அய்யனார் குதிரையைப் பார்ப்பது அங்கேதான்.

இன்னொரு வழி மேற்கு வங்கத்தின் பாங்குரா குதிரை போன வழி. பாஞ்ச்முரா கிராமத்துக் குயவர்கள் தர்மதாகூர் என்ற சாமிக்கு நேர்ந்துவிட்ட குதிரைதான் அதுவும். நீளக் கழுத்து, நிமிர்ந்த காது. சுதந்திரத்துக்குப் பிறகு அகில இந்தியக் கைவினை வாரியம் அதைச் சின்னமாக எடுத்துக்கொண்டது. இன்று நாடு முழுக்க வரவேற்பறைகளில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. 2018-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் குயவர்களுக்குச் சோறு போட்டது அந்த மாற்றம்தான், அதைக் கேலி செய்ய முடியாது. ஆனால் நம்ம ஊர்க் குதிரை எந்த வரவேற்பறைக்குள் நுழையும்?

இந்தப் பக்கத்தில் அதற்கு விடை தேடிக்கொண்டிருப்பது வில்லியனூர். புதுச்சேரிக்கு மேற்கே, ஊசுட்டேரியை ஒட்டிய ஊர். வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. அந்த ஊர்க் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பரம்பரையாக அய்யனார் உருவங்கள் செய்துவந்த கை வழக்கம், இன்று ஹோட்டல் தோட்டத்துக்கும் வீட்டு வாசலுக்கும் ஏற்றபடி அளவை மாற்றிக்கொண்டிருக்கிறது. இதே புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியிலிருந்து இன்னொரு மட்பாண்டப் பரம்பரையே கிளைத்திருக்கிறது. அங்கே 1,300 டிகிரி வரை சுட்டு, மினுக்குப் பூசிய கல்பாண்டங்கள். மீக்கர் ஒரு படி மேலே போய், பச்சைமண்ணில் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி நின்ற இடத்தில் சுட்டுப் பார்த்தார். பெரிய குதிரையை நின்ற இடத்திலேயே சுட்ட ஊர்க்காரர்களுக்கு அது ரொம்ப ஆச்சரியமாக இருந்திருக்காது!

தோட்டத்துக் குதிரைக்கும் கோயில் குதிரைக்கும் செய்முறையில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. அதே மண், அதே உமி, அதே குழாய்க் கால். விற்பனைக்குச் செய்வதால் கண்ணையும் பட்டறையிலேயே தீட்டிவிடுகிறார்கள், யாரும் கும்பிடுவதில்லை. வாங்கியவர் கார் டிக்கியில் வைக்கோல் சுற்றி வைத்துக்கொண்டு போகிறார். அடுத்த வருடம் காது உடைந்தால் ஃபெவிகால் வைத்து ஒட்டிக்கொள்கிறார்.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இப்போதும் புரவி எடுப்பு நடக்கிறது. வைகாசி, ஆனி வாக்கில் எந்த ஊரிலாவது பிடிமண் கொடுத்திருப்பார்கள். புத்துப்பட்டிலோ ஆடி மாதம் கூட்டம் அலைமோதும். நேர்ந்துகொண்டவர்கள் காட்டு நிழலில் பொங்கல் வைப்பார்கள், குழந்தைக்கு மொட்டை போடுவார்கள். வாசலில் புது பைக் ஒன்றுக்கு மாலை போட்டு, சந்தனம் தடவி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள். ஹெட்லைட்டின் இரண்டு பக்கமும் பொட்டு வைத்திருக்கும்.